எதுவும் செய்யாத ஒரு தொண்டு நிறுவனம்: கென்யத் தொடரின் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கென்யாவில் எடுக்கப்பட்டு 2014இல் இணையம் வழியாக வெளிவந்த ‘தி சமாரிட்டன்ஸ்’ தொடரின் கதை நடப்பது நைரோபியில், ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில். நிறுவனத்தின் பெயர் ‘எய்ட் ஃபார் எய்ட்’. தொடரை உருவாக்கிய ஹுசைன் குர்ஜி அதை ஒரே வரியில் அறிமுகப்படுத்துவார்: எதுவுமே செய்யாத என்ஜிஓ. அமெரிக்காவிலிருந்து புதிதாக ஒரு கன்ட்ரி டைரக்டர், அதாவது நாட்டுக் கிளையின் தலைவர், வந்து இறங்குகிறார். ஒரு பெரிய மானியத்தை, அதாவது திட்ட நிதியை, பிடித்தாக வேண்டும். அலுவலகம் முழுக்க அதற்காக ஓடுகிறது. ஆவணப்படம் போல, பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிற பாணி. இந்தப் பாணி இங்கே பொருந்திப்போவதற்குக் காரணம் உண்டு. நிதி கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டிய வீடியோவுக்காக, தொண்டு நிறுவன ஊழியர்கள் எப்போதும் யாராவது ஒருவருடைய கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு தொடரைப் பார்த்ததும் ‘எல்லாம் திருட்டுக் கூட்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். திருட்டு இந்தத் துறையில் இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் தொடரின் கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. யாரும் பைசா திருடாமல், எல்லா வவுச்சரும் சரியாக இருந்து, ஆடிட்டிலும் குறை வராமல், கடைசியில் கிராமத்தில் எதுவும் மாறாமல் போக முடியும். அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மானியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து போவதுதான் நேரான வழி.

முதலில், ஏன் நைரோபி? ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையகத்தை அங்கே அமைப்பதென 1972இல் முடிவானது. நகரின் வடக்கே கிகிரியில் இன்றைக்கு ஐ.நா.வின் பெரிய வளாகமே இருக்கிறது. 1991இல் சோமாலியாவில் அரசு சரிந்ததும் கரிஸ்ஸா மாவட்டத்தில் தடாப் அகதி முகாம்கள் உருவாயின. அடுத்த ஆண்டு வடமேற்கில், இன்றைய தெற்கு சூடான் எல்லைப் பக்கம் ககுமா. சோமாலியாவுக்குள் தங்கி வேலை செய்வது உயிருக்கு ஆபத்து என்பதால், சோமாலியத் திட்டங்களின் அலுவலகங்களும் நைரோபியில்தான் நெடுங்காலம் இயங்கின. வெள்ளை லேண்ட் குரூசர், வெஸ்ட்லாண்ட்ஸ், கிலிமானி பகுதிகளில் ஏறிய வாடகை, பயிலரங்கு நடத்தவே பிழைக்கும் ஓட்டல்கள், ப்ரபோசல் (நிதி கேட்கும் திட்ட விண்ணப்பம்) எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட கன்சல்டன்ட்கள் என்று ஒரு முழுச் சந்தை அங்கே உண்டு. படித்த கென்ய இளைஞருக்கு இது நல்ல சம்பளம் தரும் ஒரு துறை. ஆகவே இந்தத் தொடரை முதலில் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களாகவே இருந்ததில் வியப்பில்லை.

பதினாறு கட்டங்கள்

மானியம் தொடங்குவது அறிவிப்பில். அமெரிக்க அரசோ ஐரோப்பிய ஒன்றியமோ ‘இந்தப் பகுதியில் இந்தப் பிரச்சினைக்கு இவ்வளவு பணம்’ என்று விண்ணப்பம் கேட்கும். பெரும்பாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அவகாசம். அதற்குள் கிராமங்களுக்குப் போய், தேவை என்னவென்று கேட்டு, அதைத் திட்டமாக எழுத முடியாது. அதனால் பழைய ப்ரபோசலை எடுத்து மாவட்டத்தின் பெயரை மாற்றுவது சாதாரணமாக நடக்கும். மாற்ற மறந்த பழைய மாவட்டப் பெயர் எட்டாம் பக்கத்தில் எட்டிப் பார்ப்பதும் நடக்கும்.

ப்ரபோசலின் இதயம் லாக்ஃபிரேம் என்ற அட்டவணை. 1960களின் முடிவில் அமெரிக்க உதவி முகமையான யுஎஸ்எய்டுக்காக வகுக்கப்பட்டு, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நான்கு வரிசை, நான்கு பத்தி. வரிசைகளில் மேலிருந்து கீழாக: இறுதி இலக்கு, விளைவு, வெளியீடு, செயல்பாடு. பத்திகளில் இடமிருந்து வலமாக: என்ன செய்வோம், எதை வைத்து அளப்போம், எதைக் காட்டி நிரூபிப்போம், எவற்றை நம்பி இறங்குகிறோம்.

வறண்ட மாவட்டம் ஒன்றில் குடிநீர்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு: குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைய வேண்டும். வெளியீடு: கைப்பம்புடன் 20 ஆழ்துளைக் கிணறு. அளவுகோல்: கிணறுகளின் எண்ணிக்கை. நிரூபணம்: பணி முடிப்புச் சான்றிதழ், புகைப்படம். கடைசிப் பத்தியில் மூன்று வரி: ‘நிலத்தடி நீர் கிடைக்கும், மாவட்ட நிர்வாகம் ஒத்துழைக்கும், பராமரிப்புச் செலவை ஊர் மக்கள் ஏற்பார்கள்.’

அரசியல் முழுவதும் அந்தக் கடைசிப் பத்தியில்தான் ஒளிந்திருக்கிறது. கிணறு எந்தக் குலத்தாரின் மேய்ச்சல் நிலத்தில் வரும், எந்த நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதியில் எத்தனை வரும், அரைமணி நேரம் நடந்து வரும் பெண்களிடம் யார் காசு வசூலிப்பார்கள், வசூலித்த காசு யாரிடம் இருக்கும். இவையெல்லாம் ‘அனுமானங்கள்’. அனுமானம் பொய்த்தால் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழாது. அட்டவணையின் அமைப்பே அப்படி. கிணறு தோண்டினார்களா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் வருகிறதா என்பதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பம்பையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடெவ் பம்பு. ஊர்க்காரர்களே கழற்றி மாட்டும்படி 1980களில் வடிவமைத்தார்கள். ஒரே ஸ்பேனர் போதும். கம்பிகளைக் கையாலேயே மேலே இழுத்துவிடலாம். (சென்னையில் செய்யப்பட்டு, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்த்த இந்தியா மார்க் டூ பம்பு இதற்கு முந்தைய தலைமுறை. அதைத் தூக்க முக்காலியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும்.) ஆஃப்ரிடெவில் தேய்கிற பாகங்கள் மலிவானவை: பிஸ்டனில் இருக்கும் யூ-சீல் என்ற ரப்பர் வளையம், வால்வின் பாபின், கைப்பிடியின் பிளாஸ்டிக் புஷ். ஆண்டுக்கு ஒருமுறையாவது யூ-சீலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முதலில் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும், பிறகு தண்ணீரே ஏறாது.

திட்டக் காலமோ 18 மாதம். கிணறு தயாராவது பெரும்பாலும் கடைசி ஐந்தாறு மாதத்தில். யூ-சீல் தேயும்போது திட்டம் முடிந்திருக்கும், அலுவலகம் காலியாகியிருக்கும், லேண்ட் குரூசர் வேறு திட்டத்துக்குப் போயிருக்கும். சில நூறு ஷில்லிங் பெறுமானமுள்ள ரப்பருக்காகச் சில ஆயிரம் டாலர் கிணறு சும்மா நிற்கும். உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்காரருக்கு ஆரம்ப முதல் கொடுத்து உட்கார வைத்தால் இது தீரும். ஆனால் ‘கடை’ என்பதற்கு லாக்ஃபிரேமில் கட்டம் இருப்பதில்லை. புகைப்படத்திலும் அது அழகாக வராது.

பணம் எங்கே போகிறது

இனி பட்ஜெட். கீழே வரும் உதாரணத்தில் 7 சதவீதம் மட்டும் நிஜ அளவு. ஐரோப்பிய ஒன்றியம் தன் மானியங்களில் மறைமுகச் செலவுக்கு, அதாவது ஓவர்ஹெட்டுக்கு, அனுமதிக்கும் உச்சவரம்பு அது. ஐ.நா. அமைப்புகளின் விகிதங்களும் இதற்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். உலக உணவுத் திட்டத்துக்கு 6.5. மற்ற சதவீதங்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை.

நிதி தரும் அரசு 10 லட்சம் டாலரை ஒரு ஐ.நா. அமைப்புக்குக் கொடுக்கிறது. 7 சதவீத ஓவர்ஹெட் (நேரடிச் செலவின் மேல் கணக்கிடுவது) போக நிற்பது சுமார் 9,34,600. அந்த அமைப்பின் திட்ட ஊழியர், கண்காணிப்பு எல்லாம் சேர்த்து 10 சதவீதம் என்றால், 8,41,100 ஒரு சர்வதேச என்ஜிஓவுக்குப் போகும். அவர்களுக்கும் 7 சதவீதம், மிச்சம் 7,86,100. நைரோபி அலுவலகம், வண்டி, வெளிநாட்டு மேலாளர் என்று கால்வாசி எடுத்துக்கொண்டால், உள்ளூர் அமைப்பின் கைக்கு வருவது 5,89,600. அவர்கள் ஊழியர் சம்பளம், போக்குவரத்துக்கு 20 சதவீதம். கடைசியில் பம்பு, குழாய், சிமென்ட் வாங்க நிற்பது 4,71,700 டாலர்.

ஒவ்வொரு படியிலும் எடுத்தது நியாயமானது, ஒப்பந்தத்தில் எழுதியது, தணிக்கை ஆனது. யாராவது ஒருவரைப் பிடித்துத் திருடன் என்று சொல்லவும் முடியாது. படிகளின் எண்ணிக்கைதான் பணத்தைத் தின்கிறது. நிதி தரும் அரசுகள் ஏன் நேரடியாக உள்ளூர் அமைப்புக்குக் கொடுப்பதில்லை? ஆயிரம் சிறு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கணக்குப் பார்க்க அவர்களிடம் ஆளில்லை, ஏதாவது தவறு நடந்தால் சொந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்திடம் கொடுத்தால் அந்த ஆபத்து கைமாறிவிடுகிறது. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதாபிமான மாநாட்டில் ‘கிராண்ட் பார்கெய்ன்’ என்று ஒரு உடன்பாடு போட்டார்கள். 2020க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் கூடியவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்றது அது. நேரடியாகப் போனது ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டவில்லை.

இதே காரணம்தான் தொடரின் அமெரிக்க கன்ட்ரி டைரக்டரையும் நைரோபிக்குக் கொண்டுவருகிறது. பல மானியங்களில் ‘முக்கியப் பணியாளர்’ என்று ஒரு விதி உண்டு. திட்டத் தலைவர், நிதி மேலாளர் ஆகியோரின் பெயரும் தகுதியும் ப்ரபோசலிலேயே இருக்க வேண்டும். மாற்றினால் நிதி தருபவர் ஒப்புதல் வேண்டும். மதிப்பெண் போடுகிறவர் வாஷிங்டனிலோ பிரசல்ஸிலோ இருக்கிறார். அவருக்குப் புரிகிற பட்டம், அவருக்குப் பழகிய அறிக்கை நடை, முன்பு அதே நிதியைக் கையாண்ட அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் விழும். எந்த அதிகாரியிடம் போனால் கோப்பு நகரும், எந்தப் பெரியவர் தலையசைத்தால் கிணற்றுக்கு இடம் கிடைக்கும் என்று தெரிந்த கென்யத் துணை இயக்குநரின் அறிவுக்கு மதிப்பெண் பட்டியலில் இடம் குறைவு. சம்பளமும் இரண்டு தட்டாகப் பிரியும். வெளியிலிருந்து வருபவருக்கு வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கடினப் பணியிடப் படி எல்லாம் உண்டு. அதே ஊரில் பிறந்தவருக்கு அந்த ஊர் கடினப் பணியிடம் ஆகாது.

பணம் கைக்கு வந்த பிறகும் தலைவலி தீராது, திசைதான் மாறும். ஒப்பந்தத் தேதியிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடும்; முதல் தவணை இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். ஆள் எடுக்க இரண்டு மாதம். கென்யாவில் ஆழ்துளைக் கிணறு போட நிலத்தடி நீர் ஆய்வறிக்கை வேண்டும், நீர்வள ஆணையத்தின் அனுமதி வேண்டும், சுற்றுச்சூழல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு டெண்டர். சிறு கொள்முதலுக்கு மூன்று கொட்டேஷன். தோண்டும் வண்டி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் களிமண் சாலையில் அது நகராது. பன்னிரண்டாம் மாதம் அறிக்கை எடுத்துப் பார்த்தால் செலவு 35 சதவீதத்தில் நிற்கும்.

செலவாகாத பணம் திரும்பப் போகும். அதைவிட மோசம், ‘இவர்களால் செலவழிக்க முடியவில்லை’ என்ற பெயர் அடுத்த மானியத்தைப் பாதிக்கும். கூடுதல் பணம் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டித்துக் கேட்கலாம், கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேகமாகச் செலவாகிற தலைப்புகளைத் தேடுவார்கள்: பயிற்சி, பயிலரங்கு, மடிக்கணினி, துண்டுப் பிரசுரம். நைவாஷா ஏரிக்கரை ஓட்டலில் மூன்று நாள் ‘திறன் மேம்பாடு’, 40 பேர், அறை, சாப்பாடு, பயணச் செலவு, தினப் பேட்டா. ஒரே வாரத்தில் பெரிய தொகை கணக்கில் ஏறிவிடும். பேட்டா இல்லாத கூட்டத்துக்கு அதிகாரிகள் வர மாட்டார்கள் என்பதும் காலப்போக்கில் நிலைத்துவிடும். சம்பளம் குறைந்த அரசு ஊழியருக்கு மாதத்தில் இரண்டு பயிலரங்கு என்பது உருப்படியான வருமானம். அந்த நாள்களில் அவருடைய சுகாதார நிலையத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அறிக்கையில் வராது.

ஆடிட்டர் பிடிக்கிற தவறுகள் பெரும்பாலும் சின்னவை, அலுப்பூட்டுகிறவை. மூன்று கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப்பிழை. இரண்டு கடைக்கு ஒரே தொலைபேசி எண். டெண்டர் வரம்புக்குச் சற்றுக் கீழே வரும்படி உடைக்கப்பட்ட பில்கள். வருகைப் பதிவில் ஒரே பேனா, ஒரே சாய்வில் பத்துக் கையெழுத்து. அவர் பிடிக்க முடியாதது பயனாளி எண்ணிக்கை. 40 பேருக்குக் கைகழுவும் பயிற்சி. குடும்பத்துக்கு 5 பேர் என்று 200. அவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்கள் என்று ‘மறைமுகப் பயனாளிகள்’ 1,000. அதே ஆள் கிணற்றுக் கணக்கிலும் வருவார், சத்துணவுக் கணக்கிலும் வருவார். ஒரு மாவட்டத்தில் நான்கு நிறுவனங்கள் கொடுத்த எண்களைக் கூட்டினால் மாவட்டத்தின் மக்கள்தொகையைத் தாண்டும்.

கொடுக்கிறவர் அரசியல், வாங்குகிற நாட்டின் அரசியல்

பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமை என்றால் நம்மூரில் வயதானவர்களுக்கு ரேஷன் கடை ஞாபகம் வரும். அந்தச் சட்டம் 1954இல் வந்தபோதே அதன் ஒரு நோக்கம் அமெரிக்க உழவர்களின் உபரித் தானியத்துக்கு வழி செய்வது. அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்ற விதியும் பின்னால் வேரூன்றி நிற்கிறது; 2012 வரை அது 75 சதவீதமாக இருந்தது. மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் மூட்டையின் விலையில் கப்பல் கூலியும் அடக்கம். பக்கத்து மாவட்டத்தில் விளைந்த சோளத்தை வாங்கிக் கொடுத்தால் சீக்கிரமும் மலிவுமாக முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அப்படிச் செய்தால் உதவி நிதிக்கு ஓட்டுப்போட உழவர் சங்கங்களும் கப்பல் கம்பெனிகளும் சேர்ந்து நிற்கிற கூட்டணி உடையும்.

பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடைக்கும், கொடுக்கிறவர் விருப்பப்படிதான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில நாள்களிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, சுனாமிக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்தது அங்கே செய்ய நினைத்த மருத்துவ வேலைக்குத் தேவையானதைவிட அதிகம். ‘சுனாமிக்கு’ என்று எழுதி வந்த பணத்தை வேறு நாட்டுக்குத் திருப்ப நன்கொடையாளர் சம்மதம் வேண்டும். மற்ற நிறுவனங்கள் பலவும் வாங்கிக்கொண்டே இருந்தன. நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்த பழந்துணியும், மீனவர் கணக்குக்கு மிஞ்சி இறங்கிய ஃபைபர் படகுகளும், கொடுக்கிறவர் விருப்பம் தேவையை முந்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த சாட்சி.

மறுபக்கம், வாங்குகிற நாட்டு அரசு. தொடர் வெளிவந்த காலம் கென்யாவில் என்ஜிஓக்களுக்குச் சோதனையான காலம். அதிபர் உஹுரு கென்யாட்டா, துணை அதிபர் வில்லியம் ரூட்டோ இருவர் மீதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. மனித உரிமை அமைப்புகள்தான் சாட்சிகளைத் திரட்டிக் கொடுத்தன என்ற கோபம் ஆளும் தரப்பில். என்ஜிஓக்கள் தம் வருமானத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறக்கூடாது என்று 2013இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் நாடாளுமன்றம் நிராகரித்தது. 2014 டிசம்பரில் கணக்கு தாக்கல் செய்யாதவை என்று 500க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பதிவு ரத்தானது. சிலவற்றின் மேல் பயங்கரவாத நிதி என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 2013 ஜனவரியில் கையெழுத்தான பொதுநல அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 மே மாதம்.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய பாதை. 2020 திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. இடைப்படிகளைக் குறைப்பதுபோல் தோன்றும். நடந்தது, வெளிநாட்டு நிதியை நேராக வாங்கத் தெரியாத சின்னக் கிராம அமைப்புகளுக்கு வழி அடைபட்டதுதான்.

‘எய்ட் ஃபார் எய்ட்’ மாதிரி அலுவலகம் ஒன்றுக்கு வரக்கூடிய பெரிய கண்டம் தொடருக்குப் பத்தாண்டு கழித்து வந்தது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி ஆணையிட்டார். அடுத்த சில நாள்களில் ‘வேலையை நிறுத்து’ கடிதங்கள் மின்னஞ்சலில் வந்தன. மார்ச் 10 அன்று, யுஎஸ்எய்டு திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1இல் அந்த முகமையே வெளியுறவுத் துறைக்குள் கரைந்தது.

முதலில் சாய்ந்தவர்கள் யார் என்பது மேலே போட்ட பட்ஜெட் கணக்கிலேயே இருக்கிறது. இந்த மானியங்களில் பல, முதலில் செலவு செய், பிறகு பில் கொடுத்து வாங்கிக்கொள் என்ற முறையில் ஓடுபவை. டிசம்பரில் செய்த வேலைக்கு ஜனவரியில் பில் போட்டவர்களின் பணம் நடுவழியில் நின்றது. முடிந்த வேலைக்கான சுமார் 200 கோடி டாலரைக் கொடுக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை நிறுத்திவைக்க மார்ச் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறுத்தது. அதுவரை தாக்குப்பிடிக்கக் கையிருப்பு வேண்டும். கையிருப்பு சேர்வது பெரும்பாலும் ஓவர்ஹெட்டில் மிஞ்சும் காசிலிருந்துதான். திட்டப் பணத்தைச் சேமித்து வைக்க விதி இடம் கொடாது. சங்கிலியின் மேல்படியில் இருப்பவர்களுக்கு அந்த ஓவர்ஹெட் கிடைத்தது. கீழ்ப்படியில் இருக்கும் உள்ளூர் அமைப்புக்குப் பெரும்பாலும் சம்பளமும் டீசலும் மட்டும் கொடுத்து, ஓவர்ஹெட்டை மேலே இருப்பவர்களே வைத்துக்கொள்வதுதான் நெடுநாள் வழக்கம். ஆகவே பிப்ரவரி சம்பளம் போட முடியாமல் முதலில் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள்தான்.